சைக்கிளில் வேலைக்குப் போகும்போது பின்னால் வரும் கார்கள் ஹார்ன் அடித்தால் ஓரமாக ஒதுங்கிவிட வேண்டுமா?

ஒதுங்குங்கள், ஆனால் ஒரேயடியாக ஒதுங்காதீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், புதுச் சைக்கிள் வாங்கி நாலு நாள் ஓட்டி, ஐந்தாம் நாள் யாரிடமோ நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி தெரிகிறது. நான் பதினோரு வருஷமாக வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு சைக்கிளில் போகிறவன். கியர், பளபளா சட்டை எதுவும் கிடையாது, சாதா சைக்கிள்.

2018-ல் ஒரு காலை, எட்டேகால் இருக்கும். பின்னால் ஒரு வேன் விடாமல் ஹார்ன் அடிக்க, நானும் உங்களைப் போல நல்ல பிள்ளையாக இடதுபக்கம் நிறுத்தியிருந்த கார்களை உரசுகிற மாதிரி ஒதுங்கினேன். அதில் ஒரு காரின் டிரைவர் பக்கக் கதவு திறந்தது. அவ்வளவுதான் தெரியும். கண்ணைத் திறந்து பார்த்தால் நடுரோட்டில் கிடக்கிறேன், வேன் நாலடி தள்ளி பிரேக் போட்டு நிற்கிறது, காரிலிருந்து இறங்கியவர் "பார்த்து வரக்கூடாதா சார்?" என்கிறார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. சோற்றைக்கூட ஸ்பூனில்தான் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து, நிற்கிற கார் எதுவானாலும் ஒரு கதவு முழுசாகத் திறந்தாலும் படாத தூரம், சுமார் ஒரு மீட்டர், விட்டுத்தான் போகிறேன். ரோடு குறுகினால் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டிவிட்டு, வேண்டுமென்றே கொஞ்சம் நடுவுக்கு வந்துவிடுவேன். ஓரத்தில் போனால் இந்த இடுக்கிலும் முந்திவிடலாம் என்று பின்னால் வருகிறவருக்கு ஆசை வந்துவிடும். இடம் கிடைத்ததும் நானே வழிவிடுவேன்.

"அதென்ன, ரோடு உங்கப்பா வீட்டுதா" என்று யாராவது கீழே எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், நானும் கார் வைத்திருக்கிறேன். ஒருமுறை பால்காரர் ஒருவரை முந்திப்போய் உடனே இடதுபக்கம் திருப்பினேன், அவர் வழியை அப்படியே மறித்துவிட்டேன். அவர் திட்டவில்லை, இரண்டு தடவை பெல் அடித்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். இப்போது திரும்புவதாக இருந்தால் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போகிறேன், பத்து செகண்டில் ஒன்றும் குடிமுழுகிவிடாது. காரிலிருந்து இறங்கும்போது இடது கையால் கதவைத் திறக்கிறேன். நெதர்லாந்துக்காரர்கள் பழக்கம் இது, அவர்களுக்கு வலது கை, நமக்கு ஸ்டியரிங் மாறியிருப்பதால் இடது கை. உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும்.

முந்தும்போது எவ்வளவு இடம் விடணும் என்று கேட்டால், ஜெர்மனியில் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று 2020-ல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் ஊரில் அந்த ஒன்றரை மீட்டரில் ஒரு பைக்கும் அரை ஷேர் ஆட்டோவும் போகும், அது வேறு விஷயம்.

சைக்கிள்காரர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. "எதிர்ப்பக்கம் போனால் வண்டி வருவது தெரியுமே" என்று ராங் சைடில் வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் 15 கிலோமீட்டர் வேகம், பைக் 40. ஒரே திசை என்றால் வித்தியாசம் 25, எதிரெதிர் என்றால் 55. ராத்திரியில் விளக்கும் இருக்காது, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்காது. நான் பையனாக இருந்தபோது விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார், மூன்று மைல் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சரி, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்த மணிக்கட்டைக் காட்ட ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், கட்டுப் பிரித்த பிறகு சைக்கிளில். "சைக்கிளுக்கெல்லாம் டோக்கன் கிடையாது, வெளியே விடுங்க" என்றார் செக்யூரிட்டி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம், அவரும் சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறார், அதைப் பின்பக்கச் சந்தில் நிறுத்துகிறாராம். வெளியே மின்கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் சைக்கிள் இருக்கிறது, பெல்லை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.