அறுவைக்கு முன் அம்மாவுக்கு முட்டையை நிறுத்தாதீர்கள்

சகோதரி, இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்கு 3 வாரம் இருக்கிறது, 4 மாதத்தில் அம்மா 50 கிலோவிலிருந்து 44 ஆகிவிட்டார், உறவினர்கள் முட்டையும் பாலும் கூடாதென்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தையல் ஆறப் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் அவருக்கு நாளொன்றுக்கு 53 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். ஆகவே 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு கிண்ணத்தில் கொடுங்கள்: நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சாதம், முள் நீக்கிய மீன், பால் பவுடர் சேர்த்த பால். வெறும் கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. என் அப்பாவுக்கு நாங்கள் அந்தத் தவறைத்தான் செய்தோம்.

இந்த எடைக் குறைவு 12 சதவீதம். நாளையே மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அறுவையைச் சில நாள் தள்ளிவைத்துக்கூட ஊட்டம் ஏற்றுவார்கள்.