கர்ப்பமாக இருக்கும் மனைவியை மருத்துவ ஆய்வில் சேர்க்கக் கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?

சம்மதிப்பது உங்கள் மனைவியின் முடிவு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் 'கர்ப்பிணிகளை வைத்துச் சோதனை செய்வதே தப்பில்லையா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என் கதையிலிருந்து பதில் சொல்கிறேன்.

என் மகள் 31-ஆவது வாரத்தில் பிறந்தவள். நடுராத்திரியில் பனிக்குடம் உடைந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். போனதும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், 12 மணி நேரத்துக்கு ஒன்று என்று நான்கு. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுவதற்காம். என் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "வயித்துப்பிள்ளைக்காரிக்கு ஸ்டீராய்டா?"

அந்த ஊசியின் ஆரம்பம் நியூசிலாந்தில் ஒரு செம்மறியாடு. பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க லிக்கின்ஸ் என்ற மருத்துவர் கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திக்கொண்டிருந்தார். பிழைக்கவே வாய்ப்பில்லாத அளவுக்கு முன்கூட்டிப் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. பிறகு அவரும் ஹவி என்ற குழந்தை மருத்துவரும் ஆக்லாந்தில் 282 தாய்மாரிடம் சோதித்து 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சுத் திணறலும் சாவும் குறைந்திருந்தன. ஆனாலும் அமெரிக்காவில் இதைப் பரவலாகக் கொடுக்கச் சொல்லி நிபுணர் குழு பரிந்துரைத்தது 1994-இல்தான். நடுவில் போன குழந்தைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, நல்ல மருந்துதானே, எல்லா ஊரிலும் கொடுத்துவிடலாமே? அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பிரசவங்களைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. கிராமப்புறங்களில் பரவலாக இந்த ஊசியைக் கொடுத்த பகுதிகளில் பச்சிளம் குழந்தைகளின் சாவு குறையவில்லை, மொத்தத்தில் கூடியிருந்தது. தாய்மாருக்குத் தொற்றும் கூடுதல். ஊசி போட்டுக்கொண்ட பலருக்குக் குழந்தை அவ்வளவு சிறிதாகப் பிறக்கவே இல்லை.

அப்புறம் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும், வாரக்கணக்கை ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு, ரொம்ப முன்கூட்டியே பிரசவமாகிவிடும் நிலையிலிருந்த 2,852 பெண்களிடம் மறுபடி சோதித்தது. இந்தியாவும் அதில் உண்டு. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. 2020-இல் வந்த முடிவு: வெற்று ஊசிப் பக்கம் 23.5 சதவீதக் குழந்தைகள் இறந்தன, மருந்துப் பக்கம் 19.6. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ஆய்வே வேண்டாமென்று ஒதுக்கியிருந்தால், யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கூடாது என்பதைக் கணக்கு வைக்காமல் நம் மேலேயே பார்த்துப் பழகியிருப்பார்கள்.

இப்போது உங்கள் விஷயம். தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். வெற்று மருந்து கொடுக்கும் பிரிவு உண்டா, நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். புது மருந்து ஆய்வென்றால் அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், இணையத்தில் யாரும் தேடலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர இந்தியாவின் 2019 புது மருந்து ஆய்வு விதிகள் சொல்கின்றன. கையெழுத்துப் போட்ட பிறகும் விலகலாம், வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடாமல் 'இப்பவே போடுங்க' என்று அவசரப்படுத்தினால் நானாக இருந்தால் எழுந்து வந்துவிடுவேன்.