மூன்றுக்கு ஒன்று என்றால் பங்கு பிரிப்பதா? மரபியலும் பரிணாமமும்: கேள்வி பதில்

9, 10ஆம் வகுப்பு மாணவர்களும், அவர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் சிலரும் கேட்டவை.

சார், அப்பா அம்மா இருவருமே சிக்கில் செல் என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்திகள், அதாவது நோய்க்குரிய ஜீனின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள். குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றுக்கும் வராதுதானே?

வராது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கருவும் புதிதாகச் சுண்டிய காசு. முந்தின காசு எப்படி விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. அடுத்த குழந்தைக்கும் அதே 25 சதவீதம்தான். கணக்கைப் பாருங்கள். நான்கு பிள்ளைகளில் ஒருவருக்குமே நோய் வராமலிருக்க முக்காலை நான்கு முறை பெருக்க வேண்டும். விடை 256க்கு 81, சுமார் 32 சதவீதம். சரியாக ஒரே ஒருவருக்கு வரும் வாய்ப்பு 42 சதவீதம்தான். நலமாக மூன்று, நோயோடு ஒன்று என்ற 3:1 விகிதத்தைப் பாகப்பிரிவினை மாதிரிப் படிப்பதால்தான் இந்தக் குழப்பம்.

அப்படிப்பட்ட கெட்ட அல்லீலை (ஜீனின் ஒரு வடிவத்தை) இயற்கைத் தேர்வு ஏன் ஒழித்துக் கட்டவில்லை?

நல்ல கேள்வி. இரத்தத்தின் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆவது இடத்தில் குளுட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் என்ற இன்னொன்று வந்து உட்காருகிறது. மாற்றம் அவ்வளவுதான். ஜீனின் இரண்டு பிரதியும் அப்படி இருந்தால் நோய். ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. அதோடு கடுமையான மலேரியாவிலிருந்து நல்ல பாதுகாப்பும் கிடைக்கிறது. ஆகவே மலேரியா உள்ள இடத்தில் கடத்திகள் மற்றவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள், அல்லீலும் தங்கிவிட்டது. இந்தியாவில் இது முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். ‘நல்ல ஜீன், கெட்ட ஜீன்’ என்று பட்டம் கட்டுவதற்குமுன் எந்தச் சூழலில் என்று கேளுங்கள்.

இரு பண்புக் கலப்பில் (பட்டாணி விதையின் வடிவம், நிறம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது) எனக்கு 16 கட்டமும் தப்பாகவே வருகிறது.

பிழை கட்டத்தில் இல்லை, கேமீட்டில், அதாவது இனச்செல்லில். ஒரு கேமீட்டில் ஒவ்வொரு பண்புக்கும் ஒரே ஒரு அல்லீல்தான் இருக்கும். பலரும் ‘உருண்டை–சுருக்கம்’ என்று ஒரே பண்பின் இரண்டையும் ஒரு கேமீட்டில் போட்டுவிடுகிறார்கள். சரியான நான்கு: உருண்டை–மஞ்சள், உருண்டை–பச்சை, சுருக்கம்–மஞ்சள், சுருக்கம்–பச்சை. இவற்றை மேலும் பக்கத்திலும் எழுதிவிட்டு நிரப்புங்கள், 9:3:3:1 தானாக வரும். பட்டாணியை வளர்த்து மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் எண்ணியதும் இதே வரிசையில் 315, 108, 101, 32. மொத்தம் 556. துல்லியமான 9:3:3:1 இல்லை, கவனித்தீர்களா?

இன்னொன்று. விதையின் வடிவத்தைப் பார்க்க இரண்டாம் தலைமுறையை விதைத்து வளர்க்க வேண்டாம். முதல் தலைமுறைச் செடியின் காய்க்குள் இருக்கும் பட்டாணியே இரண்டாம் தலைமுறை. ஒரே காயில் உருண்டையும் சுருங்கியதும் சேர்ந்தே கிடக்கலாம். நெட்டையா குட்டையா என்று பார்க்கத்தான் விதைத்தாக வேண்டும்.

வகுப்பில் 3:1 செய்து காட்ட, தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை போதுமா? (ஆசிரியர்)

வேண்டாம். தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. இரண்டும் சமமாக விழாது. ஒரே மாதிரி இரண்டு நாணயங்கள் எடுத்து, தலை நெட்டை அல்லீல், பூ குட்டை அல்லீல் என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்து 40 முறை சுண்டி, குறைந்தது ஒன்று தலையாக விழுந்தால் நெட்டை என்று குறியுங்கள். 30 வர வேண்டும். 27 முதல் 33 வரை சர்வசாதாரணம். சரியாக 30 வராத மாணவரைத் திட்டாதீர்கள். எல்லோருக்கும் 30 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கடைசியில் வகுப்பு முழுவதின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள், விகிதம் 3:1ஐ நெருங்கும்.

எங்கள் வீட்டில் தாய்மாமனுக்கே பெண் கொடுப்பார்கள். இரத்தப் பிரிவு வேறாக இருந்தால் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

இரத்தப் பிரிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 50 பேரில் ஒருவர் கடத்தியாக இருக்கும் ஓர் ஒடுங்கு நோயை (ஜீனின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் நோயை) எடுத்துக்கொள்வோம். உறவில்லாத தம்பதிக்கு 1/50 × 1/50 × 1/4, அதாவது 10,000இல் ஒன்று. மாமன் மகளை மணந்தால், ஒருவரிடம் உள்ள அல்லீல் அதே தாத்தா பாட்டி வழியாக மற்றவரிடமும் இருக்கும் வாய்ப்பு 1/8. தோராயமாக 1,600இல் ஒன்று. தாய்மாமனானால் அது 1/4, 800இல் ஒன்று. 800இல் 799 நலமாகப் பிறக்கிறதே என்பீர்கள். சரிதான், ஆனால் இது ஒரே ஒரு நோய்க்கான கணக்கு. இப்படி ஒடுங்கு நோய்கள் ஏராளம். குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது, வாய்ப்பு பல மடங்கு ஏறும். திருமணத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

கொசுவர்த்திக்குக் கொசு பழகிவிட்டது என்பது பரிணாமமா?

பரிணாமம்தான், ஆனால் ‘பழகிவிட்டது’ என்ற சொல் தப்பு. எந்தக் கொசுவும் புகையை முகர்ந்து முகர்ந்து தேறவில்லை. சுருளில் உள்ள பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்து, நரம்பில் சோடியம் புகும் புரத வாயிலைப் பிடித்துக்கொள்ளும். சில கொசுக்களில் ஒரு சடுதி மாற்றத்தால் (ஜீனில் நேரும் மாற்றத்தால்) அந்த வாயில் சற்றே வேறாக அமைந்து, மருந்து சரியாக ஒட்டாது. மற்றவை செத்தன, இவை முட்டையிட்டன. தனிக் கொசு மாறவில்லை. கூட்டத்தில் அல்லீலின் விகிதம் மாறியது. தேர்வில் ‘பழகியதால்’ என்று எழுதினால் வாழ்நாளில் பழகிப் பெற்ற பண்பு பிள்ளைக்கும் போகும் என்ற லாமார்க்கின் விடையை, இயற்கைத் தேர்வைச் சொன்ன டார்வின் பெயரில் எழுதியதாகிவிடும்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்கு ஏன் இருக்கிறது?

உங்கள் பெரியப்பா மகன் இருக்கிறாரே, நீங்கள் அவரிலிருந்தா வந்தீர்கள்? இருவருக்கும் தாத்தா ஒருவர். சிம்பன்சிக்கும் நமக்கும் பொது மூதாதை, சுமார் 60–70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்தேன், வெறும் கூழ்தான் வந்தது.

அநேகமாக சர்ஜிக்கல் ஸ்பிரிட் குளிர்ந்திருக்காது, அல்லது ஊற்றியபின் கலக்கியிருப்பீர்கள். அரைப் பழத்தைக் கையால் மசியுங்கள். மிக்ஸி இழைகளைத் துண்டாக்கிவிடும். 100 மில்லி தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பும், பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு தேக்கரண்டியும் நுரைக்காமல் கலந்து, பழத்தோடு சேர்த்து 10 நிமிடம் விட்டு, துணியில் வடிகட்டுங்கள். திரவம் செல் சவ்வைக் கரைக்கும், உப்பு டி.என்.ஏ.யின் எதிர்மின்சுமையைத் தணித்து இழைகளை ஒன்றுசேர விடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் பாட்டிலை மூடியபடியே ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்திருங்கள், பக்கத்தில் தீ கூடாது. வடித்த நீரின் அளவுக்குச் சமமாக ஸ்பிரிட்டை எடுத்து, கிளாஸைச் சாய்த்து ஓரமாக வழிய விடுங்கள். 5 நிமிடத்தில் இரண்டு அடுக்குக்கும் இடையே வெள்ளை நூல் எழும்பும். குச்சியால் மெதுவாகச் சுற்றி எடுக்கலாம். அதில் டி.என்.ஏ.யோடு பெக்டின் என்ற பழப்பசையும் புரதமும் ஒட்டியிருக்கும். அறிக்கையில் ‘தூய டி.என்.ஏ.’ என்று எழுத வேண்டாம்.