பாலாறு எந்த குரூப்பில் வருகிறது?

அன்புள்ள அம்மா,

'பிளஸ் ஒன்னில் வேதியியலும் வேண்டும், வரலாறும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகள் சனிக்கிழமை கொண்டுவந்த நோட்டிலேயே பதில் இருக்கிறது. இடப்பக்கம், தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் பற்றிய குறிப்புகள். வலப்பக்கம், வாலாஜா பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எப்போது கரிக்கத் தொடங்கியது, எந்த வருடம் நெல் நடுவதை விட்டார்கள் என்று பாட்டி சொல்லச் சொல்ல எழுதியவை. ஓரத்தில் பென்சிலால் அந்தக் கிணற்றின் படம். பத்தாம் வகுப்புப் பிள்ளை! எனக்குப் பேச்சே எழவில்லை.

தோல் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறு கெட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற வேளாண் ஆய்வு அதில் இடம்பெற்றது. கேடு வருமுன் காக்க வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கைகள் இந்த நாட்டின் சட்டமே என்று நீதிபதிகள் எழுதினார்கள். நீரில் என்ன கலந்தது என்று வேதியியல் சொல்லவேண்டும். அது மணலுக்கடியில் எப்படிக் கிணறுவரை போனது என்று நிலவியல் சொல்லவேண்டும். எந்த விவசாயிக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடவும் ஆள் வேண்டும். முன்பு அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் மாமியார்தான் சாட்சி. உங்கள் மகள் இதையெல்லாம் தானாகவே ஒரே நோட்டில் சேர்த்துவிட்டாள்.

வேலை கிடைக்குமா என்ற உங்கள் பயம் நியாயமானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் உயிரியல் புள்ளியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. கணக்குப் படித்தவர்கள் அங்கே நோய்களைப் பற்றி ஆராய்கிறார்கள். இரண்டு துறை தெரிந்தவர்களுக்கு நம் ஊரிலேயே இடம் உண்டு.

இப்போது குரூப். அறிவியல் குரூப்பிலேயே சேருங்கள். வரலாறு மட்டம் என்பதால் சொல்லவில்லை. அறிவியல் படித்தவர் பிறகு பி.ஏ. வரலாற்றிலோ ஐந்தாண்டு சட்டப் படிப்பிலோ சேரலாம். வரலாறு குரூப் எடுத்தவர் நம் கல்லூரிகளில் பொதுவாக பி.எஸ்சி. வேதியியலுக்கு வர முடிவதில்லை. பதினைந்து வயதில் இப்படி ஒரு கதவை அடைப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விதி மாறும்வரை உங்கள் மகளைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டியிடம் போய் எழுதுவதை டியூஷனுக்காக நிறுத்திவிடாதீர்கள். பழைய பேப்பர்காரர் வரும்போது அந்த நோட்டைப் போட்டுவிடாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள்.