தாது வருஷமும் ஒரு ராத்தல் தானியமும்

கேள்வி: தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரனைத் திட்டுகிறார்கள். மழை பொய்த்ததற்கு அவன் என்ன செய்வான்? ரயிலும் தந்தியும் போட்டுக் கொடுத்தவனைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம் இல்லையா? (வாசகர் ஒருவர், சேலம்)

பதில்: மழை பொய்த்தது உண்மைதான். 1876இல் பருவமழை ஏமாற்றியது; அடுத்த ஆண்டும் சரியாகப் பெய்யவில்லை. அதே காலத்தில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் கூட ஜனங்கள் வறட்சியில் செத்தார்கள். அதற்காக யாரும் வைஸ்ராய் லிட்டனைத் திட்டவில்லை. மழைக்குப் பிறகு நடந்ததற்குத்தான் திட்டுகிறோம்.

ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஒரே அதிகாரியின் கதையைப் பாருங்கள். 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தைக் கவனித்தவர் அவர். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி வரவழைக்கப்பட்டது. சாவு மிகக் குறைவு. மெச்சியிருக்க வேண்டும் அல்லவா? 'பணத்தை வாரி இறைத்துவிட்டார்' என்று வசைதான் கிடைத்தது. மூன்று வருஷம் கழித்து, 1877 ஜனவரியில், சிக்கனம் பார்க்கும்படி சொல்லி அவரையே சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார் லிட்டன். பட்ட வசையைக் கழுவ இதைவிட நல்ல வாய்ப்பு எது? நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆணுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று முடிவு செய்தார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதற்கும் கீழே.

இதை முதலில் எதிர்த்தது யார் தெரியுமா? தேசபக்தர் யாரும் இல்லை, ஒரு வெள்ளைக்கார டாக்டர். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், வேலை செய்கிற உடம்புக்கு இது போதாது, குறைந்தது ஒன்றரை ராத்தலாவது வேண்டும், பருப்பும் சேர வேண்டும் என்று எழுதிச் சண்டை போட்டார். சிறையில் கைதிக்குப் போடுகிற சாப்பாட்டோடு இதை ஒப்பிட்டும் காட்டினார். சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1876 கடைசியில் சத்தமில்லாமல் 30,000 டன் தானியம் வாங்கியது. தனியார் வியாபாரத்தில் தலையிடக்கூடாது என்று மேலிடத்திலிருந்து கண்டனம் வந்தது. ஆக, 'வெள்ளைக்காரன்' என்று ஒரே ஆளாகப் பேசுவதே தப்பு. நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள், திட்டுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். தப்பு என்று அன்றைக்கே, ஆங்கிலத்திலேயே, அரசாங்கக் கோப்பிலேயே சொல்லியாகிவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

நடுவில் ஒரு திருவிழாவும் நடந்தது. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லி தர்பாரில் விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவித்தார்கள். மாகாணம் பட்டினியில் கிடக்க, நம் கவர்னரும் அங்கே போய் உட்கார வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த வருஷக் கணக்கில் எனக்கு இந்தத் தர்பார் நினைவிருக்கிறது, பஞ்சம் இல்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

சரி, ரயிலுக்கு வருவோம். கப்பலில் வந்த தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலைபோலக் குவிந்து காவலோடு கிடந்தன. உள்ளே அனுப்ப ஒற்றைத் தண்டவாளத்தால் முடியவில்லை. ரயிலால் பிழைத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தண்டவாளம் தானியத்தைக் கொண்டுவரும், கொண்டும் போகும். எங்கே விலை ஏறுகிறது என்று வியாபாரிக்குத் தந்தி சொல்லிவிடும். வாங்கக் காசில்லாதவன் வீட்டு வாசலில் எந்த ரயிலும் நிற்காது. அந்த 1877இல் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குக் கோதுமை போய்க்கொண்டே இருந்தது, 3 லட்சம் டன் அளவில். கணக்கு அவர்களுடையதுதான். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்பதும் அவர்கள் அமைத்த பஞ்சக் கமிஷன் 1880இல் சொன்னதுதான். அதற்கு அப்புறம்தான் பஞ்சத்துக்கென்று விதித்தொகுப்பு எழுத உட்கார்ந்தார்கள்.

சேலத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். 1871 குடிக்கணக்கில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த உங்கள் மாவட்டம், 1881இல் 16 லட்சம் அளவுக்கு இறங்கியது. செத்தவர்கள் போக, இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களும் இந்தக் குறைவில் உண்டு. உங்கள் பக்கத்துக் கிராமத்துக் கிழவிகள் பிள்ளை சோற்றை வீணாக்கினால் 'தாது வருஷத்தில் பிறந்திருந்தால் தெரியும்' என்று சொல்லிக் கேட்டதில்லையா?

நன்றி பற்றியும் எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை சென்னைக்கு வந்தால் மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலில் ஏறி, ஜன்னல் வழியாகக் கீழே பாருங்கள். அழுக்குத் தண்ணீரோடு கிடக்கிறதே, பக்கிங்ஹாம் கால்வாய், அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டரை 1877-78இல் வெட்டியவர்கள் பஞ்சம் பிழைக்க வந்த கூலிகள். ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்தான் நிற்கின்றன.