மணிக்கூடு திருத்துகிறவரிடம் கேட்ட கேள்விகள்

ஹட்டன் பக்கம் ஒரு சின்னக் கடையில் இருபத்தெட்டு வருடமாக மணிக்கூடு திருத்துகிறேன். பெட்டரி மாற்ற வருகிறவர்கள் பாதிப்பேர் கூடவே ஒரு கேள்வியும் கொண்டுவருவார்கள். இந்த முறை நேரத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன், வந்து குவிந்துவிட்டது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சாத்திரம் பார்ப்பதில்லை. கணக்கு மட்டும் சொல்வேன்.

அண்ணா, பெரியப்பா வீட்டு ஊசல் மணிக்கூடு கொழும்பில் நிமிடம் தவறாமல் ஓடியது. நுவரெலியாவுக்குக் கொண்டுவந்த பிறகு வாரத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிந்துகிறது. லொறியில் ஏற்றியதில் ஏதும் கெட்டுவிட்டதா?

கெட்டிருக்காது தம்பி. மலை ஏறினால் ஊசல் களைத்துப் போகும், அவ்வளவுதான். உயரப் போகப் போகப் பூமியின் இழுப்பு ஒரு துளி குறையும், ஊசல் ஆடும் வேகமும் குறையும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1900 மீற்றர். அந்த உயரத்துக்கு நாளொன்றுக்குப் பதினைந்து விநாடி போலப் பிந்தும். குளிர் இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும்: இரும்புத் தண்டு குளிரில் சுருங்கும், சுருங்கினால் வேகமாக ஆடும். அதில் ஐந்தாறு விநாடி திரும்பக் கிடைக்கும். மிச்சம் பத்து விநாடியை ஏழால் பெருக்கிப் பாருங்கள், உங்கள் ஒரு நிமிடச் சொச்சம் வந்துவிடும்.

ஊசல் குண்டுக்குக் கீழே ஒரு சின்னத் திருகு இருக்கும். குண்டு ஒரு மயிரிழை மேலே ஏறும்படி திருகிவிட்டு, இரண்டு நாள் தொடாமல் வைத்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். டிக், டக் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். நொண்டி நடை மாதிரிக் கேட்டால் மணிக்கூடு சுவரில் கோணலாகத் தொங்குகிறது என்று அர்த்தம்.

ஐயா, மகள் 1998 ஜூலையில் பண்டாரவளையில் பிறந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் காலை 6.20. கம்பியூட்டர் சாதகம் ஒரு கிழமை சொல்கிறது, ஊரில் ஐயர் அதற்கு முந்திய கிழமை என்கிறார். வரன் பார்க்கும் நேரத்தில் இது என்ன குழப்பம்?

அக்கா, இந்தக் கேள்வி கடைக்கு மாதத்துக்கு ஒரு தடவையாவது வருகிறது. அந்த வருடங்களில் பிள்ளை பெற்ற எல்லோரும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

1996இல் மழை பொய்த்து, நீர்மின்சாரம் விழுந்து, நாடு இருண்டு கிடந்தது ஞாபகம் இருக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த வருடம் மே 25ஆம் திகதி நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அதில் அரை மணியைத் திருப்பி எடுத்தார்கள். மிச்ச அரை மணி பத்து வருடம் அப்படியே கிடந்து, 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழைய நிலைக்கு வந்தது. ஆகவே உங்கள் மகளின் சீட்டில் உள்ள 6.20 புது நேரம். பழைய நேரப்படி 5.50.

ஜூலை நடுவில் பண்டாரவளையில் பழைய நேரம் 5.57, 5.58 போலத்தான் சூரியன் உதிக்கும். நம்மவர்கள் கிழமையை உதயத்திலிருந்து உதயம் வரைதானே எண்ணுவார்கள்? பிள்ளை உதயத்துக்கு முன்னால் பிறந்திருக்கிறாள், அதனால் முந்திய கிழமைதான் கணக்கு. உங்கள் ஐயர் பழைய நேரத்துக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார். கம்பியூட்டரில் தட்டியவர் 6.20ஐ அப்படியே போட்டிருப்பார். லக்கினமும் நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை போல நகரும். அரை மணி தப்பினால் ஏழெட்டுப் பாகை தள்ளிப்போகும், ராசி விளிம்பில் இருந்தால் லக்கினமே மாறிவிடும்.

1996 மே 25 முதல் ஒக்டோபர் 25 வரை பிறந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும். அதற்குப் பிறகு 2006 ஏப்ரல் 14 வரை பிறந்தவர்களுக்கு அரை மணி. வன்னியிலிருந்து சம்பந்தம் வந்தால் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது.

அந்தப் பத்து வருடமும் என் அம்மா குசினி மணிக்கூட்டைத் தொடவே விடவில்லை. முன்னறையில் புது நேரம், அடுப்படியில் பழைய நேரம். பஸ்ஸுக்கு ஒன்று, பசிக்கு ஒன்று என்பார்.

நான் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். காலைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, ஆட்கள் நேரத்துக்கு வருவதே இல்லை. நம் ஆட்களுக்கு நேரத்தின் அருமை தெரியவில்லை. எப்படிப் பழக்குவது?

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஓடுகிற மணிக்கூடு ஒன்றே ஒன்று, பக்கத்துக் காம்பராவில், மணி அடிக்கிற வகை. பனி கொட்டும் மாதம். ஒரு நாள் ராத்திரி அது பதினைந்து நிமிடம் பிந்திவிட்டது. அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் பிரட்டுக்களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது செக்ரோலை, அந்தப் பேர்ப் பதிவேட்டை, மூடியாகிவிட்டது. பேர் இல்லை, வீட்டுக்குப் போ. அம்மா திரும்பி வந்து கூடையைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார். இடுப்புப் படங்கை அவிழ்த்தார். மலைக்கென்று கட்டி வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்து எங்களுக்கே கொடுத்தார். ஞாயிறும் திருவிழாவும் தவிர அம்மா பகலில் வீட்டில் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சாயங்காலம் பக்கத்துக் காம்பரா மாமாவிடம் கேட்டு அந்த மணிக்கூட்டின் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே எண்ணெய் குளிரில் மெழுகாக இறுகிக் கிடந்தது. என் தொழில் அங்கேதான் தொடங்கியது.

இதே அம்மா மத்தியானமும் சாயங்காலமும் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையில் நிற்பார். தலையில் பாரம், மேலே மழை. தராசுக்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்வரை நிற்க வேண்டும். அந்த அரை மணியை, முக்கால் மணியை எந்தச் செக்ரோலிலும் யாரும் எழுதியதாக எனக்குத் தெரியாது. தொழிலாளி பிந்தினால் பத்து நிமிடத்துக்கு ஒரு நாள் போகிறது. தராசு பிந்தினால் ஒன்றும் போவதில்லை. நாட்சம்பளம் என்று பெயர்தான். நாள் முடிந்ததா, அரைப் பேரா முழுப் பேரா, அதாவது அரை நாள் சம்பளமா முழு நாள் சம்பளமா என்பதைக் கடைசியில் கிலோ அல்லவா சொல்கிறது?

நேரத்தின் அருமை தெரியாதவர்கள் என்றீர்கள். நாலரை மணிக்கு எழும்பி, தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மூத்ததைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி, அப்புறம் மலை ஏறி வருகிற பெண் அவர். ஒரு வாரம் உங்கள் கொப்பியில் இரண்டு விஷயத்தையும் எழுதிப் பாருங்கள்: அவர்கள் பிரட்டுக்குப் பிந்திய நிமிடம், தராசில் நின்ற நிமிடம். கூட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் தனி மணி உண்டு என்று படித்தேன். நம் தோட்டங்களுக்கும் அப்படி ஒன்று தேவையில்லையா?

உண்மைதான், அங்கே அதைத் தோட்ட நேரம் என்றே சொல்வார்கள். இந்திய நேரத்தைவிட ஒரு மணி முன்னால். அஸ்ஸாம் வெகு கிழக்கே இருப்பதால் சூரியன் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நுவரெலியாவில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.07க்கு. மணிக்கூடும் வெயிலும் இதைவிட ஒட்டிப் போக முடியாது.

ராகுகாலம் எல்லா ஊருக்கும் ஒன்றா? காலண்டரில் திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்று போட்டிருக்கிறது.

காலண்டரில் உள்ளது காலை ஆறுக்கு உதயம், மாலை ஆறுக்கு மறைவு என்று வைத்துக்கொண்ட சுலபக் கணக்கு. முறைப்படி உதயத்திலிருந்து மறைவு வரையுள்ள பகலை எட்டாகப் பங்கு போட வேண்டும். திங்கட்கு இரண்டாவது பங்கு, சனிக்கு மூன்று, வெள்ளிக்கு நாலு, புதனுக்கு ஐந்து, வியாழனுக்கு ஆறு, செவ்வாய்க்கு ஏழு, ஞாயிறுக்கு எட்டு. பெப்ரவரி தொடக்கத்தில் நுவரெலியாவில் உதயம் 6.25, மறைவு 6.15 போல. அப்படியென்றால் திங்கள் ராகுகாலம் 7.54க்குத் தொடங்கி 9.23 வரை போகும். காலண்டரைப் பார்த்து ஒன்பது அடித்ததும் காலெடுத்து வைக்கிறவர் நட்ட நடு ராகுவில்தான் நடந்து போகிறார். இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்கிறீர்களா? அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

தாத்தா காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாளாக இருந்ததாம். கதை விடுகிறாரா?

கதை இல்லை தங்கச்சி. 1966இலிருந்து 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, பௌத்தர்களின் புனித நாளான போயாவுக்கு விடுமுறை கொடுத்தார்கள். பௌர்ணமி, அமாவாசை மட்டுமல்ல, நடுவில் வரும் இரண்டு அரைநிலா நாளும் போயா. போயாவுக்கு முந்திய நாள் அரை லீவு. சந்திரன் ஒரு கால் சுற்று வர ஏழு நாளுக்கும் மேலே ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் எடுக்கும். அதனால் சில வாரம் ஏழு நாள், சில வாரம் எட்டு நாள். எந்தக் கிழமை லீவு என்று காலண்டரைப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டு வியாபாரத்தோடு ஒத்துப்போகவில்லை, ஐந்து வருடத்தில் கைவிட்டார்கள். இன்றைக்கு மிஞ்சியிருப்பது பௌர்ணமிப் போயா மட்டும்.

சித்திரை வருடப் பிறப்புக்கு வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம், திருக்கணிதம் ஒரு நேரம். எதை எடுப்பது?

உங்கள் ஊர்க் கோயில் எதை எடுக்கிறதோ அதை. வாக்கியம் பழைய சூத்திரத்தால் கணிப்பது, திருக்கணிதம் இன்றைய வானக் கணக்கோடு ஒத்துப்போவது. மருத்துநீர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

போன் என் நேரத்தை எல்லாம் தின்றுவிடுகிறது மாமா. என்ன செய்ய?

மணி பார்க்கத்தானே அடிக்கடி எடுக்கிறாய்? கையில் ஒரு வாட்ச் கட்டு. நான் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் வியாபாரத்துக்காகவும்தான்.

பெட்டரி வாட்ச்கூடக் குளிரில் பிந்துமா?

பிந்தும், ஆனால் உங்களுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் பளிங்குத் துண்டு விநாடிக்கு 32,768 தரம் அதிரும்படி, இருபத்தைந்து பாகைச் சூட்டுக்கு வெட்டப்பட்டது. பத்துப் பாகைக் குளிரில் அலுமாரியில் கிடந்தால் மாதத்துக்கு இருபது விநாடி போலப் பிந்தும். கையில் கட்டியிருந்தால் உடம்புச் சூடு பார்த்துக்கொள்ளும்.

அப்பாயியின் சாவி கொடுக்கும் மணிக்கூடு ஒன்று இருக்கிறது. சாவி கொடுத்தால் பத்து நிமிடம் ஓடி நிற்கிறது. இரண்டு கடையில் ‘தூக்கிப் போடுங்கள்’ என்றார்கள்.

தூக்கிப் போடாதீர்கள். பத்து நிமிடம் ஓடுகிறது என்றால் வில் உடையவில்லை. அநேகமாகப் பழைய எண்ணெயும் தூசியும்தான். தேங்காயெண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், நம் வீடுகளில் பாதி மணிக்கூட்டைக் கொன்றது அதுதான். ஏற்கெனவே விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், கழுவக் கூடுதலாக ஒரு நாள் எடுக்கும். செவ்வாய்க்கிழமை கடை பூட்டு. சாவியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.