பத்து நாள் கெடு: டெண்டர் ஆட்சேபம் பற்றி வாசகர்கள் கேட்டவை

இம்முறை வந்த கடிதங்கள் எல்லாம் தமிழ்நாட்டு அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் கோரிய டெண்டர்கள் பற்றியவை. எனவே 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் 2000ஆம் ஆண்டின் விதிகளையும் வைத்தே பதில் சொல்கிறேன். மத்திய அரசு, ரயில்வே டெண்டர்களுக்கு வழி வேறு.

நான் போட்ட விலைதான் குறைவு. ஆனால் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. "பெரியவரைப் பார்த்துப் பேசுங்கள், சரியாகிவிடும்" என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். ஒரு வாரமாக அலைகிறேன்.
– சாலை ஒப்பந்ததாரர், நாமக்கல் மாவட்டம்

அலைச்சலை இன்றே நிறுத்துங்கள். சட்டத்தின் 11ஆவது பிரிவு உங்களுக்குத் தருவது பத்தே நாள். டெண்டரை ஏற்றுப் பிறப்பித்த ஆணை கைக்குக் கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். அரசு அதை 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஒரு வாரம் போய்விட்டதென்றால் உங்களிடம் மிஞ்சியிருப்பது மூன்று நாள். ஆணை வந்த தபால் உறையைப் பத்திரமாக வையுங்கள். எந்தத் தேதியில் கிடைத்தது என்பதற்கு அதன் முத்திரைதான் சாட்சி.

குறைந்த விலை போட்டதாலேயே வேலை உங்களுக்கு உரிமையாகிவிடாது. டெண்டர் ஆவணத்தில் சொன்ன அளவுகோல்களின்படி மதிப்பிட்ட பிறகு யார் குறைவோ அவருக்குத்தான் வேலை. உங்கள் ஒப்பந்தப்புள்ளியைத் தள்ளியிருந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். டெண்டரை ஏற்கும் அதிகாரி அந்தக் காரணத்தை ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழுக்கும் அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். அதை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். "சான்றிதழ் இணைக்கவில்லை" என்று இருந்தால், இணைத்த பக்கத்தின் எண்ணைச் சொல்லி மறுங்கள். வந்த மேல்முறையீடுகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். நான்கு பக்கம் ஆதங்கம் இருக்கும், தள்ளிய காரணத்துக்கு ஒரு வரி பதில் இருக்காது. மனம் வலிக்கும்.

தாமதம் என்ன செய்யும் என்பதற்கு ரமணா தயாராம் ஷெட்டி வழக்கைச் சொல்வேன். பம்பாய் விமான நிலையத்தில் சிற்றுண்டிச் சாலை நடத்த ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்று அறிவித்துவிட்டு, அது இல்லாதவருக்கே உரிமம் கொடுத்தார்கள். அது சட்டத்துக்கு ஒவ்வாது, தான் வகுத்த நிபந்தனைக்கு அரசு அமைப்பு கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. ஐந்து மாதத்துக்கு மேல் கழித்து வழக்குப் போட்டிருந்தார்கள். அதற்குள் உரிமம் எடுத்தவர் பணம் போட்டுத் தொழிலைத் தொடங்கிவிட்டார். இந்தியாவில் டெண்டர் வழக்குப் போடும் ஒவ்வொருவரும் இன்றும் காட்டும் தீர்ப்பு அது.

ஒரே ஒரு கம்பெனிக்குப் பொருந்துகிற மாதிரி நிபந்தனை போட்டிருக்கிறார்கள். டெண்டரில் கலந்துகொண்டு, கிடைக்காவிட்டால் வழக்குப் போடலாமா?
– மருத்துவக் கருவி விற்பனையாளர், மதுரை

வேண்டாம். நிபந்தனையை ஏற்றுக் கையெழுத்திட்டுப் போட்டியிட்டு, தோற்றபின் அதையே குறை சொன்னால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, "அன்றைக்கு ஏன் பேசவில்லை?" என்பதுதான். விளம்பரம் வந்த வாரத்திலேயே எழுத்தில் ஆட்சேபியுங்கள். டெண்டருக்கு முந்தைய கூட்டம் இருந்தால் அங்கே கேட்டு, கேட்டது குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள். மேல்முறையீடு, புள்ளியை ஏற்றுப் பிறப்பிக்கும் ஆணைக்கு எதிரானது. நிபந்தனையே கோணல் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. எந்த நிபந்தனை வேண்டும் என்று முடிவு செய்ய அரசுக்கு நிறைய இடம் உண்டு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூ. 3 கோடி வேலைக்கு ஒன்பது நாள்தான் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.
– கட்டட ஒப்பந்ததாரர், கடலூர்

இரண்டு கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்பது விதி. குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைத்து உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவின் நகலை இன்றே கேளுங்கள்.

வழக்குப் போட்டால் வேலைக்குத் தடை கிடைக்குமா?
– குடிநீர்க் குழாய்ப் பணி செய்பவர், திருநெல்வேலி

எளிதில் கிடைக்காது. பாரபட்சமோ, பொறுப்புள்ள எந்த அதிகாரியும் எடுக்க முடியாத தான்தோன்றி முடிவோ இருக்கிறதா, பொதுநலன் பாதிக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஜகதீஷ் மண்டல் தீர்ப்பிலிருந்து இதுதான் உரைகல். சாலை, குடிநீர் போன்ற உள்கட்டமைப்புப் பணி என்றால் இன்னும் கடினம். அவை தாமதப்படும்படி தடை கொடுக்கக் கூடாது என்று 2018இல் தனிநிலைத் தீர்வுச் சட்டத்தையே (Specific Relief Act) திருத்திவிட்டார்கள். மதுப்புட்டியில் ஒட்டும் ஹாலோகிராம் வில்லைக்குத் தமிழ்நாடு அரசு கோரிய டெண்டர் பற்றிய வழக்கில், தோற்றவர்கள் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவையும் கட்ட வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அமெரிக்காவில் கெடுவுக்குள் ஆட்சேப மனு கொடுத்தால் பெரும்பாலும் வேலை தானாகவே நிற்கும். 100 நாளுக்குள் முடிவும் வந்துவிடும். நமக்கும் அப்படி ஒன்று தேவை என்று உறுதியாக நம்புகிறேன். பணி ஆணை கொடுத்து ஜல்லி கொட்டிய பிறகு வரும் நீதி யாருக்கும் பயன்படாது.

டெண்டர் திறக்கும்போது நேரில் போய் என்ன ஆகப்போகிறது?
– பஞ்சாயத்துப் பணி ஒப்பந்ததாரர், தருமபுரி

நிறைய ஆகும். பல ஆண்டுகள் நான் அந்த மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்தவன். உறைகளுக்கு எண் போட்டுப் பிரித்து, தொகையை உரக்கப் படிப்போம். அடித்தல் திருத்தல் இருந்தால் சுழித்துச் சுருக்கொப்பம் வைத்து, எத்தனை திருத்தம் என்று எழுதுவோம். ஒருமுறை ஒருவருடைய புள்ளியில் 7 என்பது 1 ஆகியிருந்தது. சுருக்கொப்பம் இல்லை. பின்வரிசையிலிருந்த ஓர் இளைஞர் எழுந்து, "ஐயா, அந்தத் திருத்தத்தைக் குறிப்பில் எழுதுங்கள்" என்றார். எழுதினோம். அந்த ஒரு வரியால் பிறகு அந்தப் புள்ளி நிற்கவில்லை. இப்போது பல டெண்டர்கள் இணையவழியில் நடக்கின்றன. திறந்தவுடன் திரையில் வரும் ஒப்பீட்டுப் பட்டியலை அன்றே சேமித்து வையுங்கள்.

ஆட்சேபித்தால் கருப்புப் பட்டியலில் போட்டுவிடுவோம் என்று மிரட்டுகிறார்கள். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இந்தத் தொழிலை விட்டால் வேறு தெரியாது.
– பெயர் வேண்டாம் என்றவர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மேல்முறையீடு சட்டம் தந்த உரிமை. அதைப் பயன்படுத்தியது குற்றமாகாது. தரப்பைக் கேட்காமல் ஒருவரைக் கருப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று 1974இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விளக்கம் கேட்கும் நோட்டீஸிலேயே அந்த நோக்கம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று 2014இல் சேர்த்தும் சொன்னது. மிரட்டியவர் யார், எந்தத் தேதி, என்ன சொன்னார், உடன் யார் இருந்தார்கள் என்று இன்றிரவே ஒரு தாளில் எழுதி, உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வையுங்கள். மேல்முறையீட்டை நாளைக் காலை நேரில் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.